கரியின் பற்று வரவு: ஒரகடத்திலிருந்து சில குறிப்புகள்

"கரி செத்துப்போச்சு தம்பி, மாத்தச் சொல்லு" என்பார் வாலாஜாபாத்துக்காரர். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாக, 2011இலிருந்து இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டுப் போனவன் நான். அவர் பத்தாவது தாண்டாதவர். வடிந்துவரும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்ப்பார், அவ்வளவுதான். அவர் சொன்னதைச் சரிபார்க்க ஆய்வகத்தில் அயோடின் எண் போட்டுப் பார்க்க எனக்கு அரைநாள் ஆகும். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருக்கும்.

செத்த கரி என்றால் என்ன? கரி ஏற்கெனவே செத்த மரம்தானே, அது மறுபடி எப்படிச் சாகும் என்று அன்று ராத்திரி ஷிஃப்டில் விளையாட்டாக யோசித்தது பின்னால் என்னை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் கட்டுரை அந்த இழுப்பின் குறிப்புகள்.

முதலில் பொருளைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆள் உயர இரும்பு உருளைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று மணல் டேங்க், மற்றது கரி டேங்க். மணல் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை நிறுத்தும். கரியின் வேலை அதற்கடுத்தது: கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல், வாசனையாகவோ நிறமாகவோ நஞ்சாகவோ தண்ணீருக்குள் இருக்கும் கரிமப் பொருட்களைப் பிடிப்பது. பெயின்ட் கரைப்பான்களின் மிச்சம், எண்ணெய்க் கசிவு, சோப்புகள், சாயம், பூச்சிமருந்து எல்லாம் இதில் அடக்கம். 'கரிமம்' என்ற சொல்லுக்குள்ளேயே கரி இருக்கிறது. கரி கரியைப் பிடிக்கிறது. உப்பைப் பிடிக்காது. உப்பு அதற்கு உறவில்லை.

பாடப்புத்தகம் இதைப் 'பரப்புக் கவர்ச்சி' என்கிறது. பொருள் கரிக்குள் ஊறிப்போவதில்லை, அதன் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. நல்ல கரி ஒரு கிராம் எடுத்தால் அதன் உட்துளைகளின் பரப்பு ஏறக்குறைய 1000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட். ஒரகடத்தில் எதையும் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள் என்பதால் வாலாஜாபாத்துக்காரருக்கு இதை அப்படித்தான் சொன்னேன். "அப்ப ஒரு ஸ்பூன் கரி ஒரு ஏக்கராடா? எங்க ஏரியக்கூட அதுக்குள்ள போட்டுக்கலாம் போலருக்கே" என்றார். பட்டா போட்டு முடிந்தபின் அந்த நிலத்தில் இடமில்லை. அதுதான் கரியின் சாவு. செத்த கரியில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் இன்னொன்றும் நடக்கும். வலுவாக ஒட்டும் பொருள் வரும்போது, முன்னால் லேசாக ஒட்டியிருந்தது கழன்று தண்ணீருக்குள் திரும்ப வரும். நேற்றுப் பிடித்ததை இன்றைக்குக் கரி விட்டுவிடுகிறது.

எனக்குப் 'பரப்புக் கவர்ச்சி' பிடிக்கவில்லை. 'பற்று' என்பதே போதும் என்று தோன்றுகிறது. ஒட்டுதல், ஆசை, கணக்குப் புத்தகத்தில் இடதுபக்கத் தொகை என்று மூன்றையும் ஒரே சொல்லில் நம் மொழி வைத்திருக்கிறது. பற்று இருந்தால் எங்கோ வரவும் இருக்க வேண்டும் என்பது கணக்குப்பிள்ளைகள் அறிந்தது. சுத்திகரிப்பின் வரலாற்றை எழுதியவர்கள் பற்றை மட்டும் எழுதி வரவை விட்டுவிட்டார்கள் என்பது என் புகார்.

நமக்கு நீரைப் பற்றிய பழைய சொல்லாடல் வேறொன்று. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைப்பது கலித்தொகைக் காலத்திலேயே உவமையாகும் அளவுக்குப் பழகிய வீட்டுக் காரியம். பானையின் உட்புறத்தில் கொட்டையைத் தேய்த்து நீரை ஊற்றினால் மண் திரண்டு அடியில் இறங்கிவிடும். தெளிந்த நீர், தெளிந்த மனம், தேறுதல், தேற்றுதல் என்று எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கலங்கியவரைத் தேற்றுவதும் கலங்கிய நீரைத் தேற்றுவதும் தமிழில் ஒரே வினை. அழகான விஷயம்தான். ஆனால் இந்த அழகுக்குள் ஒரு பொறி இருக்கிறது. தெளிவு என்பது கண்ணின் தீர்ப்பு. கண்ணுக்குத் தெளிந்தது உடம்புக்கும் நல்லது என்ற நம்பிக்கை, நீருக்குள் மண் மட்டும் கலந்திருந்த உலகத்தில் ஓரளவு செல்லுபடியாகும். பென்சீனும் பீனாலும் பளிங்குபோன்ற நீரில்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நாம் வரைந்த மூன்று பானைப் படத்தில் மணலுக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவில் கரி வந்து உட்கார்ந்திருந்ததே, அதற்கு அங்கே என்ன வேலை என்று எந்த வாத்தியாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அது அங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது. 1785இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரத்து மருந்தகத்தில் வேலை பார்த்த லோவிட்ஸ் என்பவர், டார்டாரிக் அமிலக் கரைசலில் கரியைப் போட்டால் பழுப்பு நிறம் போவதைக் கண்டார். கெட்டுப்போன தண்ணீரின் நாற்றத்தையும் அது போக்கும் என்று பிறகு சொன்னார். ஆனால் கரியைப் பெரிய அளவில் தூக்கிக்கொண்டு போனது தண்ணீர் இல்லை, சர்க்கரை. 1811இல் பிரான்சில் ஃபிகியே, எலும்பைச் சுட்ட கரி மரக்கரியைவிட நன்றாக நிறம் போக்குவதைக் காட்டினார். ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகள் வெள்ளைவெளேரென்ற சர்க்கரைக்காக எலும்பைத் தின்னத் தொடங்கின. நூறு வருஷம் கழித்து இங்கே சுதேசி இயக்கத்தில் சீமைச் சர்க்கரையைத் தள்ளிவைக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று, அது எலும்பால் சுத்தம் செய்யப்பட்டது என்பது. இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவருக்குச் சுத்தம் செய்யும் கருவி, இன்னொருவருக்குத் தீட்டு. அழுக்கென்பது பொருளின் குணமல்ல, அது இடம் தவறிக் கிடப்பதுதான் என்று மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூலில் வாதிட்டார். சரி, ஆனால் எது எதன் இடம் என்று பட்டா எழுதுவது யார்? டக்ளஸ் அதிகம் கேட்காத கேள்வி அது.

1900–1901இல் ஆஸ்ட்ரெய்கோ காப்புரிமைகளை வாங்கினார். கரியைச் செந்தணலில் வைத்து நீராவியையோ கரியமில வாயுவையோ செலுத்தினால் அது உள்ளுக்குள் அரிபட்டுக் கோடானுகோடித் துளை விடும். இன்றைய 'ஆக்டிவேட்டட் கார்பன்' அங்கே பிறக்கிறது. பிறகு 22 ஏப்ரல் 1915, ஈப்ர நகரத்துப் போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். ருஷ்யாவில் செலின்ஸ்கி கரி அடைத்த முகமூடியை அந்த வருஷமே செய்தார். அமெரிக்கர்கள் எந்தக் கரி சிறந்தது என்று தேடிக் கண்டது தேங்காய்ச் சிரட்டை. கடினமானது, துளைகள் மிக நுண்ணியவை. சிரட்டை போதாமல் 1918இல் பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துக் கொடுக்கும்படி ஜனங்களைக் கேட்டார்கள். நம் அடுப்பங்கரையில் அகப்பையாகவும் அடுப்பு மூட்டவும் இருந்த சிரட்டை உலக யுத்தத்தின் முகமூடிக்குள் நுழைகிறது.

தண்ணீருக்குக் கரி வந்தது அதன்பிறகு, அதுவும் ருசியின் வழியாக. நான் சொல்லவந்த கதையின் முடிச்சும் இங்கேதான். 1920களில் சிகாகோ போன்ற நகரங்களில் நிலக்கரியைக் கல்கரியாகச் சுடும் சூளைகளிலிருந்து பீனால் கலந்த கழிவு ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது. கிருமிக்காகக் குளோரின் போட்டதும் அது பீனாலோடு சேர்ந்து குளோரோபீனால் ஆனது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கும். ஊரே குடிக்க மறுத்தது. கரித்தூளைத் தண்ணீரில் கலந்து வடித்தால் நாற்றம் போகிறது என்று கண்டார்கள். நியூஜெர்சியின் நியூ மில்ஃபோர்டில் 1930இல் அது வழக்கமான முறையானது. 1974இல் ராட்டர்டாமில் ரூக் இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டினார். ஆற்றுநீரில் இயற்கையாக இருக்கும் இலைதழை மக்கிலும் குளோரின் பட்டால் குளோரோஃபார்ம் உண்டாகிறது. அதன்பின் கரி, ருசிக்கான சாமானிலிருந்து நோய்த்தடுப்புச் சாமானாகப் பதவி உயர்ந்தது.

ஆக, குடிநீரில் கரியின் முதல் பெரிய எதிரி பீனால். சூளையில் சுடும்போது புகையோடு வருவது அது. இதை மட்டும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது ஒரகடம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகளின் நாடு. ஒன்றின் கலங்கல் இன்னொன்றுக்குப் பாயும்படி சங்கிலியாகக் கோத்தவை; செம்பரம்பாக்கம் சென்னையின் குடத்தை நிரப்புவது. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் விழுந்ததிலிருந்து சிப்காட் பூங்காக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ('பூங்கா' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு விருது கொடுக்கலாம்.) ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் என்று போகிறது வரிசை. 2006இல் கைபேசி, 2010இல் ஒரகடத்தில் மறுபடி கார். 2019இல் சென்னையில் ஏரிகள் வறண்டு ஜனங்கள் குடத்தோடு லாரிக்காக நின்ற அதே வருஷம், கோயம்பேட்டில் நகரத்துச் சாக்கடை நீரை மூன்றாம்நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் இந்தப் பூங்காக்களுக்குக் குழாயில் அனுப்பும் நிலையம் திறக்கப்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏரிநீரை விட்டுவைத்தது நல்ல காரியம்தான். ஆனால் எந்திரத்துக்கு எந்தத் தரத்தில் தண்ணீர் வேண்டுமென்று எழுதிவைத்த தாள் இருக்கிறது. எந்திரம் ஓட்டுகிறவர் அறைக்குத் திரும்பினால் 20 லிட்டர் கேன். அந்தக் கேன் நிரப்பும் இடத்திலும் மணல், கரி, ஆர்.ஓ. என்றுதான் வரிசை. அங்கே கரி எப்போது மாற்றப்பட்டது என்று மோந்து பார்க்க வாலாஜாபாத்துக்காரர் கிடையாது. ஆர்.ஓ. சவ்வைக் குளோரின் அரிக்காமல் இருக்கக் கரி குளோரினை எடுத்துவிடும். குளோரின் போனபின் அந்த ஈரக் கரிப்படுகையே கிருமிக்குச் சொகுசான வீடு. கவனிக்காத கரி, கரி இல்லாததைவிட மோசம். 2021 டிசம்பரில் ஒரு கைபேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டில் பலருக்கு உடம்பு கெட்டு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குத்தான் விடுதி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது.

ஓர் இடைக்குறிப்பு: இங்கே உருவாகிக் கப்பலேறும் ஒவ்வொரு பெட்ரோல் காரிலும் எரிபொருள் தொட்டிக்கு அருகே ஒரு சின்ன டப்பாவில் இந்தக் கரி இருக்கிறது, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைத்து எஞ்சினுக்குத் திருப்பிக் கொடுக்க. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தால் உபயோகம் என்கிற ஒரே இடம் அதுதான் போல.

என் ஊர் காங்கயத்துக்குத் தெற்கே. காளைக்குப் பேர்போன பூமி. இப்போது கொப்பரைக்கும் தேங்காயெண்ணெய்க்கும். கொப்பரைக் களம் இருக்கும் இடத்தில் சிரட்டை மலையாகக் குவியும். ஆகவே, கடந்த சில பத்தாண்டுகளில் காங்கயம், வெள்ளக்கோவில் பக்கம் சிரட்டைக் கரி சுடும் இடங்கள் நிறைய வந்தன. மண்ணில் குழிவெட்டி, சிரட்டையைக் கொட்டித் தீ வைத்து, காற்றைக் குறைத்து மூடிச் சுடுவது. மஞ்சளும் வெள்ளையுமாகப் புகை தரையோடு தரையாகப் போகும். வெந்ததும் தண்ணீரை அடித்து அணைப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தாரும் புளிப்பும் பீனாலுமாக மண்ணுக்குள்தான். எங்கள் பூமி பாறை. வெடிப்புகளின் வழியே எந்தக் கிணற்றுக்குப் போய்ச் சேருமென்று யாராலும் சொல்லமுடியாது. கிணறு கருத்துப்போயிற்று, தண்ணீர் காப்பி நிறத்தில் வருகிறது என்று விவசாயிகள் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனது வட்டாரம் முழுக்க நடந்தது.

அம்மிச்சி வீட்டுக் கிணறும் அப்படித்தான் ஆனது. எந்தக் குழியால் என்று நான் சொல்லப்போவதில்லை. நிரூபிக்க என்னிடம் ஒரு கூஜா தண்ணீரும் மூக்கும்தான் இருந்தன. நிறம் கொஞ்சம்தான், தேநீர் வடிகட்டியதுபோல. வாய்க்குள் புகை ருசி. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பீனாலுக்கு நம் குடிநீர்த் தரம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 0.002. மாட்டுக்கு அந்த எண்கள் தெரியாது, ஆனாலும் அது தீர்ப்பு சொல்லிவிட்டது.

அந்தக் குழிக்கரிதான் கோவைப் பக்கமும் கொச்சிப் பக்கமும் போய், 900 டிகிரிக்கு மேல் நீராவியில் வெந்து, 'ஆக்டிவேட்டட்' ஆகி, 25 கிலோ மூட்டையில் உலகம் பூராவும் போகிறது. ஏறக்குறைய மூன்று டன் சிரட்டைக்கு ஒரு டன் கரி. மூன்று டன் கரிக்கு ஒரு டன் துளைவிட்ட கரி. நான் வேலை பார்த்த டேங்கில் இரண்டு டன் கிடந்தது. அதற்குச் சிரட்டை பதினெட்டு டன். மிச்சம் பதினாறு டன் புகையாக, வாயுவாக, தாராக, அணைத்த நீராக எங்கோ இறங்கியிருக்க வேண்டும். அந்த 'எங்கோ'வில் எங்கள் கிணறும் ஒன்று. ஒரகடத்தில் தண்ணீரிலிருந்து கரிமப் பொருளை எடுக்க, காங்கயத்தில் தண்ணீருக்குள் கரிமப் பொருளைப் போட்டாகிவிட்டது. சிகாகோக்காரர்கள் எந்த நாற்றத்தைப் போக்கக் கரியைத் தேடினார்களோ, அதே நாற்றம் கரி பிறக்கும் இடத்துக் கிணற்றில். வரவு–செலவு சரியாகத்தான் இருக்கிறது, இரண்டு வேறு ஊர்ப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது கரியின் விதி என்று யாராவது தத்துவம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடிய உலையில் சுட்டு, புகையையும் எரித்து, அந்தச் சூட்டை வேலை வாங்கும் முறை தெரிந்த முறைதான். இலங்கையில் 1973இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனத்தார் பதல்கமவில் அப்படிச் சுட்டு மின்சாரமே எடுக்கிறார்கள். குழி மலிவு. குழி மலிவாக இருப்பதற்குக் காரணம் கிணற்றின் விலை எந்தப் பில்லிலும் ஏறாததுதான். வாங்குகிறவர் அயோடின் எண் 1000 இருக்கிறதா என்று கேட்பார். எந்தக் குழி, எந்தத் தண்ணீர் என்று கேட்க விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. நான் நிரப்பிய படிவங்களிலும் இல்லை. நானும் கேட்கவில்லை.

செத்த கரி எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டில் பெரிய நிலையங்கள் அதை மறுபடி உலையில் போட்டு உயிர்ப்பிக்கின்றன, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேதாரத்தோடு. ஒன்றிரண்டு டன் வைத்திருப்பவனுக்கு அது கட்டாது. கரைப்பான் போன்றவற்றைச் சுத்திகரித்த செலவுக் கரி 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது; முறைப்படி கும்மிடிப்பூண்டி நிலநிரப்புக்கோ சிமென்ட் சூளைக்கோ போகவேண்டும். நான் இருந்த காலத்தில் மூட்டைகள் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தபோது இல்லை. "லாரி வந்துச்சு, போச்சு. நீ லாகுல கையெழுத்துப் போடு" என்றார் வாலாஜாபாத்துக்காரர். எந்த லாரி என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பீடி பற்றவைத்தார். போட்டேன்.

2012 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மிச்சி திண்ணையில் உட்கார்ந்து, என் வேலை என்னவென்று முதல்தடவையாகத் தீர விசாரித்தது. கரி, தண்ணீர், நாற்றம் போவது எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பறம் என்ன கண்ணு, அந்தக் கரியவே நாலு மூட்டை கொண்டாந்து நம்ம கெணத்துல கொட்டுனா ஆகாதா?" என்றது.

சிரிக்கத் தோன்றவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன். கிணறு ஆறு மீட்டர் விட்டம், தண்ணீர் ஐந்து மீட்டர். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் சொச்சம். லிட்டருக்கு ஒரு கிராம் கரி என்று வைத்தால் நூற்று நாற்பது கிலோ, ஆறு மூட்டை. அன்றைய என் சம்பளத்தில் ஒன்றரை மாதம். போட்ட கரியை மறுபடி வடித்து எடுக்க வேண்டும், எடுத்ததை எங்காவது கொண்டுபோய்க் கொட்டவேண்டும். எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மிச்சி சம்பளக் கணக்குக்கெல்லாம் அசரவில்லை.

"சரி, போட்டாச்சுன்னே வெச்சுக்க. ராவுக்கு ஊறுற தண்ணிக்கு?" என்று கேட்டது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் டேங்குக்குப் புதுக்கரி வந்தது. எண்பது மூட்டை. இறக்கி எண்ணி, அயோடின் எண் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். எண் 1000க்கு மேலேயே இருந்தது.